குரூப்ல எல்லாம் வருது, செய்தி மட்டும் வரலை

நாளைக்கு என் பொண்ணு மஞ்சள் கலர் டிரஸ் போட்டுக்கிட்டுப் போகணும். கூடவே மஞ்சள்ல ஒரு பழம், ஒரு பொம்மை. வெள்ளிக்கிழமைக்குத் தெர்மாகோல்ல சோலார் சிஸ்டம். பத்தாம் தேதிக்குள்ள ரெண்டாவது டெர்ம் ஃபீஸ், தாண்டினா ஃபைன். வேன் ஃபீஸ் தனி. இதெல்லாம் எனக்கு நல்லாத் தெரியும். ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல ஒண்ணு விடாம வந்துடுது.

அவ கூட்டல் கணக்குல எந்த இடத்துல தடுமாறுறா? தெரியாது. மத்தியானம் டிபன் பாக்ஸைக் காலி பண்ணிட்டு வர்றாளே, அவதான் சாப்பிடுறாளா? தெரியாது. கொஞ்ச நாளா சாயங்காலம் வேன்ல இருந்து இறங்கினதும் பையைத் தூக்கிப் போட்டுட்டு நேரா பாத்ரூமுக்கு ஓடுறா. ஸ்கூல்ல ஏன் போகலை? கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையா, தண்ணி வரலையா, கேட்டா மிஸ் திட்டுறாங்களா? அதுவும் தெரியாது. கேக்கவும் வழி இல்ல. அந்தக் குரூப்ல அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும்.

உங்க வீட்லயும் இதே கதைதானே?

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். பொண்ணு பக்கத்துல ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல ரெண்டாம் வகுப்பு. ராத்திரி பத்தரைக்கு மேல போன் "டிங்"னு அடிச்சா எங்க தெருவுல பாதி வீட்ல லைட் எரியும். "டியர் பேரன்ட்ஸ், கைண்ட்லி நோட்." நாளைக்குக் காலையில சார்ட் பேப்பர் வேணும். எந்தக் கடை திறந்திருக்கும் அந்த நேரத்துல? ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வந்து அப்பதான் சோத்துல கை வெச்ச அம்மா, அப்படியே எந்திரிச்சு ஸ்டேஷனரி கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுறதை நான் பாத்திருக்கேன். பிள்ளை தூங்கிடுச்சு. சார்ட்டை வெட்டி ஒட்டி வரையறது யாரு? அம்மாதான். ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு வீட்டுப்பாடமே கூடாதுன்னு சென்னை உயர்நீதிமன்றம் 2018-லேயே உத்தரவு போட்டது. அதனால இப்ப யாரும் அதை ஹோம்வொர்க்னு சொல்றதில்ல. ஆக்டிவிட்டியாம்.

சரி, இது சின்ன விஷயம். தூக்கம் கெட்டா கெட்டுட்டுப் போகுது. நான் சொல்ல வந்தது வேற.

என் பொண்ணு கிளாஸ்ல ஒரு பையன். மே மாச லீவுல அவங்க அப்பா ஒரு பைக் விபத்துல தவறிட்டார். அம்மா பனியன் கம்பெனியில செக்கிங். காலையில போனா ராத்திரிதான் வருவாங்க, போனையெல்லாம் கம்பெனி வாசல்லயே வாங்கி வெச்சுடுவாங்க. பையனைப் பாத்துக்கிறது அப்பத்தாதான். ஜூன்ல ஸ்கூல் திறந்த அன்னைக்கு அப்பத்தா பேரன் கையைப் பிடிச்சுக்கிட்டு கேட் வரைக்கும் வந்திருக்காங்க. மிஸ்ஸைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும், பையனைக் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லணும், அவ்வளவுதான். செக்யூரிட்டி உள்ள விடலை. "மீட்டிங் அன்னைக்கு வாங்கம்மா, இல்லாட்டி ஆபீசுக்குப் போன் பண்ணுங்க." சரின்னு மறுநாள் பையனோட அம்மா டீ டைம்ல வெளிய வந்து ஆபீசுக்குப் போன் பண்ணியிருக்காங்க. "மிஸ் கிளாஸ்ல இருக்காங்க, டைரியில எழுதி அனுப்புங்க." எழுதி அனுப்பினாங்க. தமிழ்ல, நாலு வரி. அந்த டைரியை யாரும் திறக்கலை. முன்னெல்லாம் டைரியில மிஸ் எழுதுவாங்க, நாம கையெழுத்துப் போடுவோம், மறுநாள் அவங்க பாப்பாங்க. எல்லாமே குரூப்ல வர ஆரம்பிச்ச பிறகு டைரி பையோட அடியில கிடக்குது. ஆனா வருஷா வருஷம் அதுக்குன்னு காசு வாங்கறது மட்டும் நிக்கலை.

ஜூன் மூணாவது ஞாயித்துக்கிழமை ஃபாதர்ஸ் டே. முந்தின வாரம் குரூப்ல மெசேஜ்: பிள்ளைங்க ஆளுக்கு ஒரு அப்பா போட்டோ கொண்டுவரணும், வாழ்த்து அட்டை செய்யப் போறோம். மெசேஜ் அந்தப் பையனோட அம்மா போனுக்குத்தான் வந்திருக்கும், கம்பெனி வாசல் டப்பாவுல கிடந்திருக்கும். பையனே அப்பத்தாகிட்ட வந்து கேட்டிருக்கான், மிஸ் அப்பா போட்டோ கேட்டாங்கன்னு. வீட்ல அப்ப கைக்கு அகப்பட்டது கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்தான். அப்பத்தாதான், பேரும் தேதியும் தெரியாம ஓரமெல்லாம் கத்தரிச்சுக் கொடுத்திருக்காங்க. அவனும் அதைக் கொண்டுபோய் அட்டையில ஒட்டி, சுத்தி நட்சத்திரம் வரைஞ்சிருக்கான். ஒவ்வொரு பிள்ளையா எந்திரிச்சு, எங்க அப்பா எனக்கு என்ன வாங்கித் தருவாருன்னு சொல்லணுமாம். அவன் முறை வந்திருக்கு. "எங்க அப்பா செத்துட்டாரு மிஸ்."

என் பொண்ணு அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, மிஸ் அழுதுட்டாங்க."

எப்படி அழாம இருப்பாங்க? அந்த மிஸ்ஸுக்கு இருபத்தி நாலு, இருபத்தஞ்சு வயசு இருக்கும். அவங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலை. ரெண்டு பேர் மூணு வழியில சொல்லப் பாத்தும் அவங்க காதுக்குப் போய்ச் சேரலை. கேட்ல ஒரு சுவர், ஆபீஸ்ல ஒரு சுவர், குரூப்ல ஒரு சுவர். ஒரு ஏழு வயசுப் பிள்ளை தன் வீட்டுச் சாவை நாப்பது பிள்ளைங்க முன்னாடி நின்னு தானே அறிவிக்க வேண்டியதாப் போச்சு.

இன்னொண்ணும் நடந்தது. அன்னைக்குச் சாயங்காலமே ஸ்கூலோட ஃபேஸ்புக் பக்கத்துல எல்லா அட்டையும் போட்டோவா வந்துடுச்சு. கீழேயே "அட்மிஷன் ஓபன்"னு ஒரு வரி, போன் நம்பரோட. அந்தப் பையன் அட்டையும் அதுல இருந்தது. நான் போன் பண்ணிச் சண்டை போட்ட பிறகுதான் எடுத்தாங்க. யாரைக் கேட்டுப் போட்டாங்க? 2023-ல நாடாளுமன்றம் நிறைவேத்தின டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிறவங்க தகவலைக் கையாள பெத்தவங்களோட சம்மதம் வேணும், அந்தச் சம்மதம் சரிபார்க்கிற மாதிரி இருக்கணும்னு சொல்லுது. அட்மிஷன் ஃபார்ம்ல பொடி எழுத்துல எங்கேயோ ஒரு டிக் வாங்கிக்கிட்டதா ஆபீஸ்ல சொன்னாங்க. எந்த அம்மா, எந்த அப்பா அதைப் படிச்சிருப்பாங்க? சீட் கிடைச்சதே போதும்னு காட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போடுறவங்கதானே நாம?

போன மழைக்காலத்துல நடந்தது இன்னொரு கதை. கிளாஸ்ல வரிசையா நாலஞ்சு பிள்ளைங்க லீவு. பொன்னுக்கு வீங்கி. எனக்கு யார் சொன்னாங்கன்னு நினைக்கிறீங்க? வேன் அண்ணா. "கழுத்துக்கிட்ட வீங்கியிருக்கான்னு பாத்துக்கங்க அக்கா, மூணு வீட்டுப் பிள்ளைங்க வரலை." அவருக்குத் தெரிஞ்சிருக்கு, எந்த வாசல்ல பிள்ளை நிக்கலைங்கிறதை வெச்சு. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைக் கையில வெச்சிருக்கிற ஸ்கூலுக்குத் தெரியாதா? குரூப்ல ஒரு வரி இல்ல. அந்த வாரமும் "பிங்க் டே" போட்டோ வந்துச்சு.

பொன்னுக்கு வீங்கின்னா நம்ம வீட்ல கழுத்துல ஒரு தங்கச் செயினைப் போட்டுவிட்டு விட்டுடுவோம். பெரும்பாலும் தானா சரியாயிடும், உண்மைதான். ஆனா அரசு இலவசமாப் போடுற தடுப்பூசிப் பட்டியல்ல தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும்தான் ஊசி இருக்கு, இதுக்கு இல்ல. தனியா காசு கொடுத்துப் போட்டாத்தான் உண்டு. தொத்தினதுக்குப் பிறகு வெளிய தெரியவே ரெண்டு மூணு வாரம் ஆகும். வீக்கம் வந்த நாள்ல இருந்து அஞ்சு நாள் பிள்ளையை வீட்ல வெச்சிருந்தா மத்த பிள்ளைங்களுக்குப் பரவறது குறையும். இதை ஒரு மெசேஜ்ல சொல்லியிருக்கலாம். எங்க கிளாஸ்ல ஒரு பிள்ளையோட அம்மா அப்ப மாசமா இருந்தாங்க. அவங்க எவ்வளவு பயந்துபோனாங்க தெரியுமா? ஆபீஸ்ல கேட்டா, "எதுக்கு மேடம் தேவையில்லாத பேனிக்? ஸ்கூல் பேரு கெட்டுடும்." ஸ்கூல் பேரு! பிள்ளை உடம்பு கெட்டா பரவால்ல.

இதே மாதிரிதான் கணக்கு மிஸ் வேலையை விட்டுப் போனதும். ஒரு திங்கட்கிழமை வேற ஒருத்தங்க வந்து நின்னாங்க. ஏன் போனாங்க, எங்க போனாங்க, யாருக்கும் சொல்லலை. பிள்ளைங்ககிட்டயாவது சொல்லிட்டுப் போக விட்டிருக்கலாம். என் பொண்ணு ராத்திரி கேக்கறா, "நான் கணக்கு தப்பாப் போட்டதால போய்ட்டாங்களா?" நான் என்ன பதில் சொல்ல?

இப்படி ஒவ்வொண்ணா சேர்ந்து சேர்ந்து எரிச்சலாகி, ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து கல்வி உரிமைச் சட்டத்தையே எடுத்துப் படிச்சேன். 2009-ல வந்தது, 2010 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கு. நமக்கெல்லாம் அதுல தெரிஞ்சது தனியார் பள்ளியில ஏழைப் பிள்ளைங்களுக்கான 25 சதவீத இட ஒதுக்கீடு ஒண்ணுதான். 24-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. ஆசிரியரோட கடமைகள்னு ஒரு பட்டியல். நேரத்துக்கு வரணும், பாடத்தை முடிக்கணும்னு வரிசையா வரும். அதுலயே ஒரு கடமை இது: பெற்றோரோடயும் பாதுகாவலரோடயும் தவறாம கூட்டம் போட்டு, பிள்ளை ஒழுங்கா வருதா, கத்துக்கிற திறன் எப்படி, எவ்வளவு முன்னேறியிருக்கு, வேற முக்கியமான தகவல் ஏதாவது உண்டா, எல்லாத்தையும் சொல்லணும். பாதுகாவலர்னா யாரு? கேட்லயே நிறுத்தி வெச்ச அந்த அப்பத்தாவும்தானே?

எங்க ஸ்கூல்ல மீட்டிங் நடக்காமலா இருக்கு? நடக்குது. டெர்முக்கு ஒரு தடவை, சனிக்கிழமை காலையில. திருப்பூர்ல சனிக்கிழமைன்னா சம்பள நாள். அன்னைக்கு லீவு போட்டா ஒரு நாள் கூலி போச்சு, மேஸ்திரி முகமும் மாறிப் போச்சு. அப்படியும் வந்து வராந்தாவுல வரிசையில நிப்பாங்க. முறை வந்தா ரெண்டு நிமிஷம். "குட் மேடம். ஹேண்ட்ரைட்டிங் மட்டும் இம்ப்ரூவ் பண்ணச் சொல்லுங்க. நெக்ஸ்ட்." என் பொண்ணுக்கும் அதுதான், எனக்கு முன்னாடி நின்ன பையனுக்கும் அதுதான், எனக்குப் பின்னாடி இருந்த பிள்ளைக்கும் அதுவேதான்.

மிஸ்ஸைக் குத்தம் சொல்லி நான் இதை எழுதலைங்க. அதை நீங்க நல்லாப் புரிஞ்சுக்கணும். அதே சட்டத்தோட அட்டவணையில, தொடக்க வகுப்புகள்ல பிள்ளைங்க எண்ணிக்கையைப் பொறுத்து முப்பது பேருக்கு ஒரு ஆசிரியர், பெரிய பள்ளின்னா அதிகபட்சம் நாப்பது பேருக்கு ஒருத்தர்ங்கிற கணக்குதான் போட்டிருக்கு. ஒரு வாரத்துக்கு ஆசிரியருக்குக் குறைஞ்சது நாப்பத்தஞ்சு மணி நேரம் வேலை, பாடத்துக்குத் தயார் பண்றதும் அதுக்குள்ளதான். எங்க கிளாஸ்ல நாப்பதுக்கு மேல. பத்தரை மணி மெசேஜை அந்த மிஸ் தூங்கற நேரத்துல டைப் பண்றாங்கன்னா, மேல இருந்து அவங்களுக்கு அப்பதான் வந்திருக்கு. ஒவ்வொரு ஆக்டிவிட்டிக்கும் போட்டோ எடுக்கணும், அனுப்பணும், எந்த செக்‌ஷன் நிறைய அனுப்புச்சுன்னு மீட்டிங்ல கேப்பாங்களாம். ஒரு மிஸ் என்கிட்டயே சொன்னாங்க, "போட்டோ எடுக்கிற நேரத்துல ரெண்டு பிள்ளையைப் பக்கத்துல உக்கார வெச்சு வாசிக்க வெச்சிடலாம்க்கா." அவங்க சம்பளம் எவ்வளவுன்னு கேட்டீங்கன்னா உங்களுக்கே வயிறு எரியும். பனியன் கம்பெனி டெய்லர் அதைவிட அதிகமா வாங்குறார்.

அப்போ அரசுப் பள்ளியில எல்லாம் ஒழுங்கா நடக்குதான்னு கேப்பீங்க. என் சித்தி பொண்ணோட பையன் அவிநாசி பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில படிக்கிறான். அங்க காலை உணவு சமைக்கிற மகளிர் குழு அக்கா அதே தெருக்காரங்க. பையன் ரெண்டு நாள் சேர்ந்தாப்புல சரியாச் சாப்பிடலைன்னா வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் போவாங்க, "ஏன் கண்ணு, பையனுக்கு உடம்பு சுகமில்லையா?" ஹெட்மாஸ்டர் டீச்சருக்கு எந்த வீட்ல யாரு இருக்காங்கன்னு தெரியும். இந்தப் பையன் விஷயம் அங்க நடந்திருந்தா டீச்சர் சாவு வீட்டுக்கே வந்திருப்பாங்க. எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

ஆனா அங்கயும் ஓட்டை இருக்கு. 21-வது பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. அதுல முக்கால்வாசிப் பேர் பெத்தவங்க, மொத்தத்துல பாதிப் பேர் பெண்கள், நலிவடைந்த வீட்டுப் பிள்ளைங்களோட பெத்தவங்களுக்கும் இடம் உண்டு. என் சித்தி பொண்ணும் உறுப்பினர்தான். பல மாசம் ரிஜிஸ்டர் வீட்டுக்கே வரும், கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவா. அங்க டீச்சரும் பாவம், பாதி நேரம் கல்வித் துறையோட எமிஸ் ஆப்ல எதையாவது ஏத்திக்கிட்டே இருக்காங்க. அட்டெண்டன்ஸ், சாப்பாட்டுக் கணக்கு, தேர்வு எல்லாமே போன்ல. அங்க மேல இருக்கிற அதிகாரிக்குத் தகவல் ஓடுது, இங்க விளம்பரத்துக்கு ஓடுது. பிள்ளையைப் பெத்தவங்களுக்குத்தான் எதுவும் வர்றதில்ல.

எங்க ஸ்கூல் மாதிரி அரசு உதவி வாங்காத தனியார் பள்ளிக்கு அந்த 21-வது பிரிவு பொருந்தாது. சட்டத்துலயே விலக்கிட்டாங்க. ஆக, ஃபீஸ் கட்டற நமக்கு அந்தக் குழுவும் இல்ல, குரூப்ல பேச உரிமையும் இல்ல. பணம் கட்டிட்டு ரசீது வாங்கிக்கிட்டு நகரணும், கரண்ட் பில் கவுண்டர் மாதிரி. அந்த 25 சதவீதத்துல சேர்ந்த வீட்டுக்காரங்க நிலைமை இன்னும் மோசம். வர்ற மெசேஜ் முழுக்க இங்கிலீஷ். வாசிக்கத் தெரியாம சாயங்காலம் என் வீட்டுப் படியேறி வந்து, "அக்கா, இதுல என்ன போட்டிருக்கு?"ன்னு போனை நீட்டுறாங்க. தமிழ்நாட்ல, தமிழ் பேசுற மிஸ், தமிழ் பேசுற அம்மாவுக்கு அனுப்புற தகவலை எதுக்கு ரெண்டு பேருக்குமே சரளமா வராத மொழியில அனுப்பணும்? இங்கிலீஷ்ல மெசேஜ் வந்தாத்தான் இங்கிலீஷ் மீடியம்னு நம்புவோம்னு நினைச்சுக்கிட்டாங்களா? அப்படி நினைக்க வெச்சதும் நாமதானோ? தெரியலை, ஆனா ஒரு வாய்ஸ் மெசேஜ் தமிழ்ல போட்டா அந்த அப்பத்தாவும் கேட்டிருப்பாங்க.

கேட்ல பிள்ளையை விட வர்ற அம்மாக்கள் பத்துப் பதினஞ்சு பேரும் நானும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். தமிழ்லதான். ஒண்ணும் பெரிசாக் கேக்கலை. ராத்திரி எட்டு மணிக்கு மேல மெசேஜ் வேண்டாம். தமிழ்லயும் அனுப்புங்க. தொத்து நோய் வந்தா பேரு சொல்லாம தகவல் மட்டும் சொல்லுங்க. மிஸ் மாறினா முன்கூட்டியே சொல்லுங்க. வீட்ல ஏதாவது நடந்தா சொல்றதுக்கு ஒரு ஆள், ஒரு நேரம் ஒதுக்குங்க, தாத்தா பாட்டி வந்தாலும் உள்ள விடுங்க. இதுக்குக் காசு செலவாகுமா? புதுசா கட்டடம் கட்டணுமா?

கரஸ்பாண்டன்ட் கடிதத்தை முழுசாப் படிக்கக்கூட இல்ல. கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுச் சொன்னார், "இங்க பிடிக்கலைன்னா டிசி வாங்கிக்கலாம்மா. வெயிட்டிங் லிஸ்ட்ல நிறைய பேர் இருக்காங்க."

எனக்கு முகத்துல அடிச்ச மாதிரி இருந்தது. அவருக்கு நான் ஒரு பிள்ளையோட அம்மா இல்ல, ஒரு சீட். காலியானா அடுத்த ஆளு. இந்த ஒத்தை வார்த்தைக்குப் பயந்துதான் ஊர் முழுக்க அம்மா அப்பாக்கள் வாயை மூடிக்கிட்டு குரூப்ல கைகூப்பற எமோஜி போட்டுக்கிட்டு இருந்தாங்க. இப்ப அதையும் போட முடியாது, அட்மின் மட்டும்தான்.

டிசின்னு அவர் சொன்னது அரை மணி நேரத்துல கேட் வாசலுக்குப் பரவிடுச்சு. அது மட்டும் எப்படித்தான் அவ்வளவு வேகமாப் போகுதோ. மறுநாள் நாலு பேர் கையெழுத்தை அடிச்சுட்டாங்க. கோபப்பட மனசு வரலை. இலவச சீட்ல பிள்ளையைச் சேர்த்தவங்க அதுல ரெண்டு பேர். இந்த சீட்டும் போச்சுன்னா எங்க போவாங்க?

அந்தப் பையனோட அம்மா அடிக்கலை. வர்ற சனிக்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங், சம்பள நாளாச்சேன்னு கேட்டேன். "பரவால்லைக்கா, அரை நாள் லீவு சொல்லிட்டேன். அத்தையையும் கூட்டிட்டு வர்றேன்"னாங்க. கடிதத்தை வேற தாள்ல மறுபடி எழுதியிருக்கேன். 24-வது பிரிவை மேலயே எழுதிட்டேன், பாதுகாவலர்ங்கிற சொல்லுக்கு அடியில ஒரு கோடும் போட்டிருக்கேன். ஒரு நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு.